ஓர்லாண்டோ டிஸ்னி: உள்ளே தங்குவதா, வெளியே வீடு எடுப்பதா? ஆறு பேர், அதில் ஒருவருக்கு மூட்டுவலி

எடிசன்வாசி

வணக்கம் மக்களே. இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இந்தப் பேச்சோடுதான் முடிகிறது, முடிவுதான் வந்தபாடில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஜூன் கடைசி வாரம் டிஸ்னி வேர்ல்ட். ஞாயிறு போய்ச் சேர்ந்து அடுத்த சனி திரும்புகிறோம், ஆறு ராத்திரி. நான், மனைவி, ஏழு வயதுப் பெண், இரண்டு வயது பதினோரு மாதப் பையன் (ஜூலையில் மூன்று முடிகிறது, அதற்குள் போனால் அவனுக்கு டிக்கெட் இல்லை, ஜூனைத் தேர்ந்தெடுத்த ரகசியம் அதுதான்), அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை, ஆனால் சரியில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அம்மா முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள், ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சோறு வேண்டும்.

டிஸ்னியில் நான்கு பார்க் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம்), அதனால் நான்கு நாள் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. இப்போது கையில் இருப்பது இரண்டு வழி. ஒன்று, டிஸ்னிக்கு உள்ளேயே ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டலில் ஆறு பேர் தங்கும் குடும்ப அறை, ராத்திரிக்கு 520 டாலர். இன்னொன்று, கிஸ்ஸிமியில் மூன்று படுக்கையறை வீடு, சமையலறை, பின்னால் சின்ன நீச்சல் குளம், ராத்திரிக்கு 190. மனைவி முதல் கட்சி. நான் இரண்டாவது. அப்பா "எங்க வேணாலும் படுத்துக்கலாம்டே" கட்சி, அதனால் அவர் ஓட்டு செல்லாது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி (டாலஸ்)

ராத்திரி வாடகையை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள், அது பாதிக் கணக்குத்தான்.

உள்ளே: 520 × 6 = 3120. ஆரஞ்ச் கவுண்டி வரி 12.5%, ஆக 3510. விமான நிலையத்திலிருந்து முன்பெல்லாம் டிஸ்னியே இலவசமாக பஸ் விட்டது, 2022 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேருக்கு வேன் போகவர 250 என்று வையுங்கள். மொத்தம் 3760.

வெளியே: 190 × 6 = 1140. துப்புரவுக் கட்டணம் என்று ஒன்று தனியாக உண்டு, 225 என்று வைத்திருக்கிறேன். கிஸ்ஸிமி இருப்பது ஆஸியோலா கவுண்டி, அங்கே வரி 13.5%, அது 184. பதிவுத் தளம் எடுத்துக்கொள்வது 170. வீடு மட்டும் 1719. ஆனால் வண்டி இல்லாமல் அங்கே நகர முடியாது: மினிவேன், பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து 600. பார்க் வாசலில் வண்டி நிறுத்த ஒரு நாளைக்கு 30 என்று வைத்திருக்கிறேன், கூடுமே தவிரக் குறையாது, நான்கு நாளைக்கு 120. உள்ளே தங்குகிறவர்களுக்கு இந்தப் பார்க்கிங் இலவசம், அதையும் மறக்க வேண்டாம். மொத்தம் 2439.

வித்தியாசம் 1321 டாலர். காலை இட்லியும் ராத்திரிச் சோறும் வீட்டில் முடிந்தால் ஆறு பேருக்கு இன்னொரு 500 மிஞ்சும். அதாவது 1800 டாலர், உங்கள் அப்பா அம்மாவின் ஒரு விமான டிக்கெட். நான் கிஸ்ஸிமி கட்சி.

தாம்பாக்காரன்

புலி, கணக்கு சுத்தம். ஆனால் ஒரு பத்தியை விட்டுவிட்டீர்கள்: நேரம். நான் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறேன், வருகிற விருந்தாளி எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் போய் எனக்கு அந்தப் பார்க்கிங் மைதானம் மனப்பாடம்.

மற்ற மூன்று பார்க்கிலும் வண்டியை நிறுத்தினால் நடந்தோ டிராமிலோ வாசலுக்குப் போய்விடலாம். மேஜிக் கிங்டம் அப்படி இல்லை. நீங்கள் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் பார்க் வாசலுக்கும் நடுவே ஒரு ஏரியே இருக்கிறது. கட்டணச் சாவடி, பிறகு மைதானம், வரிசைகளுக்கெல்லாம் டிஸ்னிப் படக் கதாபாத்திரப் பெயர், உங்களுக்கு ஜாஃபர் கிடைக்கும் அல்லது ஸ்கார் கிடைக்கும், சாயங்காலம் மறந்துபோகும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டிராம் பிடித்துப் போக்குவரத்து மையம், அங்கே பை சோதனை, அப்புறம் படகு அல்லது மோனோரயில், அதற்கும் அப்பால்தான் வாசல். டிராமில் குழந்தை வண்டியை மடித்தாக வேண்டும், அதாவது தூங்குகிற பையனைக் கையில் தூக்க வேண்டும். கிஸ்ஸிமி வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து கோட்டையைக் கண்ணால் பார்க்க ஒன்றேகால் மணி ஆனால் ஆச்சரியப்படாதீர்கள். ஊபரில் போனாலும் இறக்கிவிடுவது அதே போக்குவரத்து மையத்தில்தான்.

டிஸ்னி ஓட்டல் பஸ் ஏரியைச் சுற்றிப் போய் நேரே பார்க் வாசலில் விடும். முழங்கால் வலிக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும், அப்போது பையன் தூங்கியிருப்பான், அப்பா பேச்சை நிறுத்தியிருப்பார்.

ஸ்கார்பரோ மச்சான்

நாங்கள் ரெண்டு முறை போயிருக்கிறோம், ரெண்டு முறையும் ரொறொன்ரோவிலிருந்து காரிலதான், இருபது, இருபத்திரண்டு மணித்தியால ஓட்டம், மார்ச் பிரேக்கில். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு உள்ளுக்க ரூம் எடுக்கிறதெண்டால் வீட்டை அடகு வைக்க வேணும்.

எங்களுக்கு வெளியில வீடுதான் சரி. டிக்கியில ரைஸ் குக்கரும் ஒரு மூட்டை அரிசியும். பின்னேரம் வந்து பிள்ளையள் குளத்துக்குள்ள குதிக்க, அம்மா குசினியில மீன்குழம்பு வைக்க, அந்தச் சந்தோசத்தை எந்த ஓட்டலும் தராது. ஒண்டு சொல்லோணும், மார்ச்சில குளத்துத் தண்ணி ஐஸ். சூடாக்கித் தாறதுக்கு நாளுக்கு இவ்வளவெண்டு தனிக் காசு கேட்பார்கள், புக் பண்ண முன்னம் கேளுங்கோ. ஜூனில் அந்தப் பிரச்சினை இல்லை, தண்ணி தானாகவே ரசம் மாதிரி இருக்கும்.

ஆனால் தாம்பா அண்ணை சொன்னது உண்மை. முதல் முறை மேஜிக் கிங்டத்துக்கு ஒன்பது பேரை வெளிக்கிடுத்திப் போய்ச் சேர பதினொரு மணி. பிள்ளையளில பிழையில்லை, எங்கட பெரியாக்கள் தேத்தண்ணி குடிச்சு முடிச்ச நேரம் அது.

ரெட்டைவால் அம்மா

நான் மனைவி கட்சி. தம்பி, கோபப்படாமல் படியுங்கள்.

ஜூன் கடைசியில் ஃப்ளோரிடா எப்படி இருக்கும் தெரியுமா? காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். மதியம் இரண்டுக்கு மேல் வானம் கறுக்கும், இடி இடிக்கும், முக்கால் மணி நேரம் ஊற்றும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். கிட்டத்தட்டத் தினமும் இதே கதை. அந்த மதியத்தில் பெரியவர்களையும் கைக்குழந்தை மாதிரி ஒருத்தனையும் வைத்துக்கொண்டு பார்க்குக்குள் என்ன செய்வீர்கள்? காலையில் போய், பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து, குளித்து, ஏசி போட்டு இரண்டு மணி நேரம் தூங்கி, ஐந்து மணிக்குத் திரும்பப் போக வேண்டும். உள்ளே தங்கினால் இது நடக்கும். கிஸ்ஸிமியிலிருந்து "மதியம் வந்துவிட்டுத் திரும்பப் போகலாம்" என்று எல்லாரும் திட்டம் போடுவார்கள், வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பப் போனதை நான் பார்த்ததில்லை. நாங்களும் போகவில்லை. பாதி நாள் டிக்கெட் சோபாவில் போனது. அந்த டிக்கெட் விலை புலியின் கணக்கில் எந்தப் பத்தியில் வரும்?

இன்னொன்று, உள்ளே தங்குகிறவர்களைத் தினமும் அரை மணி முன்னால் விடுவார்கள், எந்தப் பார்க்காக இருந்தாலும். அரை மணி என்ன பெரிய அரை மணி என்று நானும் நினைத்தேன். மேஜிக் கிங்டத்தில் ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு அந்த அரை மணியில் போய்விட்டால் ஒரு மணிக்கும் மேலான வரிசை மிச்சம். அப்புறம் லைட்னிங் லேன், அதாவது காசு கொடுத்துச் சீக்கிரம் போகிற வரிசை. அதை உள்ளே தங்குகிறவர்கள் வந்து சேரும் தேதிக்கு ஏழு நாள் முன்னால், தங்கும் நாட்கள் முழுவதற்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னால்தான், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. காலை ஏழு மணி, கிழக்கு நேரம். நான் ஒரு முறை ஏழு மணிக்கு அலாரம் வைத்து, எழுந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஏழு இருபது. ஸ்லிங்கி டாக் ரோலர் கோஸ்டருக்கான இடம் போயே போய்விட்டது, பாலும் பொங்கிவிட்டது. அது என் தப்பு, யாரையும் சொல்லவில்லை.

வேடிக்கை மட்டும்

இவ்வளவு செலவுக்கு எல்லாரும் திருநெல்வேலிக்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமே. குற்றாலத்தில் தண்ணீர் இலவசம், முன்பதிவு கிடையாது, ஏழு மணிக்கு அலாரம் வேண்டாம்.

எடிசன்வாசி

@வேடிக்கை, அப்பா இதைத்தான் தினமும் சொல்கிறார், வேறு பெயரில் வந்து எழுதுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஜூன் கடைசி சரியான சீசன் வேறு.

அக்கா, அந்த சோபா வாக்கியம் என்னை அசைத்துவிட்டது. போன வருஷம் நயாகரா போனபோது எங்களுக்கும் இதே கதைதான்.

இரண்டு கேள்வி. ஒன்று, பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? அம்மா இப்போதே புளிக்காய்ச்சல் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு, அப்பாவுக்குச் சக்கர நாற்காலி என்ற பேச்சை எப்படி ஆரம்பிப்பது? நேற்று லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கென்ன கால் போயிட்டா?" என்று கேட்டுவிட்டு, அதை நிரூபிக்க மூன்று முறை மாடிப்படி ஏறி இறங்கினார். ராத்திரி தைலம் வாசனை வந்தது.

ரெட்டைவால் அம்மா

சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடாக்க வேண்டிய சாமான் கூடாது, மது கூடாது, அவ்வளவுதான். புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி உருட்டல் எல்லாம் போகும். தயிர்சாதத்தை மட்டும் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள், அந்த வெயிலுக்குப் பொங்கிவிடும். பெட்டியில் உதிரி ஐஸ் போட விடமாட்டார்கள், ஜெல் பை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே உணவுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மாவே தருவார்கள், பாட்டில் வாங்கி ஏமாற வேண்டாம்.

எப்காட்டில் பதினோரு நாட்டு அரங்கு இருக்கிறது, இந்தியா இல்லை. உங்கள் அம்மா கட்டாயம் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமியார் மெக்சிகோவில் ஆரம்பித்து கனடா வரை ஒவ்வொரு அரங்காகத் தேடிவிட்டு, "ஒரு சாமியறை வைக்க இடமில்லையா இவனுகளுக்கு" என்று முடித்தார்.

நல்ல சாப்பாடு வேண்டும் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஓர் உணவகம், 'நான்' ரொட்டி, தொட்டுக்கொள்ள வகைவகையாகச் சட்னி, ஊறுகாய், சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. அங்கே தங்காதவர்களும் போய்ச் சாப்பிடலாம். அறுபது நாள் முன்னாலிருந்து பதிவு செய்யலாம்.

நாற்காலி விஷயத்தில் நீங்கள் பேச வேண்டாம். பேத்தி பேசட்டும்.

தாம்பாக்காரன்

நாற்காலி எல்லாப் பார்க் வாசலிலும் தினவாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அந்தப் பார்க்குக்குள்ளே மட்டும்தான். வாசலுக்கு வெளியே, பஸ்ஸில், ஓட்டலில் உதவாது. வெளியே தனியார் கடையில் எடுத்தால் ஆறு நாளும் கூடவே இருக்கும், மடித்து வண்டியில் போடலாம். முழங்கால்காரருக்கு இரண்டாவதுதான்.

ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் பக்கத்து பாப் செஞ்சுரி ஓட்டலும் ஒரு குளத்தின் இரு கரை. நடுப் பாலத்தில் ஸ்கைலைனர் நிலையம், ரோப்கார் மாதிரி, 2019இல் வந்தது. கரீபியன் பீச் என்ற ஓட்டலில் இறங்கி மாறினால் எப்காட்டுக்கும் போகலாம், ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகலாம். குழந்தை வண்டியை மடிக்க வேண்டாம், நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். ஏசி கிடையாது, ஆனால் ஓடும்போது காற்று வரும். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான். மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் எப்போதுமே பஸ்தான்.

வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "டிஸ்னியிலிருந்து 2 மைல்" என்று விளம்பரம் இருக்கும். எந்த டிஸ்னியிலிருந்து? அது கிட்டத்தட்ட 40 சதுர மைல் நிலம். இரண்டு மைல் என்பது வேலிக்கு, வாசலுக்கு இல்லை. வரைபடத்தில் பார்க்கின் பார்க்கிங் கட்டணச் சாவடியைப் போட்டு, காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள், ஐ-4 சாலையின் லட்சணம் அப்போது தெரியும். அதேபோல "இலவச ஷட்டில்" என்று போட்டிருக்கும் ஓட்டல். நான் ஒரு விருந்தாளிக் குடும்பத்தை அப்படி ஒன்றில் தங்கவைத்தேன், காலையில் இரண்டே வண்டி, ராத்திரி ஒரே வண்டி, அதுவும் வாணவேடிக்கைக்கு முன்னால் கிளம்பிவிடும். அதே ஓட்டலில் ரிசார்ட் கட்டணம் என்று ராத்திரிக்கு முப்பத்தைந்து டாலர் தனியாகத் தீட்டினார்கள். என்ன ரிசார்ட் என்று கேட்டதற்கு லாபியில் இருந்த காபி மெஷினைக் காட்டினார்கள்.

192ஆம் நம்பர் சாலையில் "பாதி விலை டிக்கெட்" என்று போர்டு வைத்த கூண்டுகள் வரிசையாக வரும். காலை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து டைம்ஷேர், அதாவது வருஷத்தில் சில நாள் தங்குகிற உரிமை, விற்பார்கள், அதற்குத்தான் அந்தப் பாதி விலை. உங்கள் அப்பாவைத் தனியே அனுப்பாதீர்கள்.

கணக்குப்புலி

சரி, சோபாவுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறேன். பெரியவர் டிக்கெட் ஒரு நாளைக்குச் சுமார் 140 என்று வையுங்கள், ஐந்து டிக்கெட் 700, ஒரு அரை நாள் போனால் 350. நான்கு நாளில் இரண்டு மதியம் சோபாவில் போனால் 700. அக்கா, நியாயம்தான், இது என் கணக்கில் இல்லை.

அப்படியானால் 520 டாலர் அறையை மறுபடி பாருங்கள் எடிசன். மூன்று வயது முடியாத குழந்தை அறையின் ஆள் கணக்கில் வராது, தொட்டில் போட்டுக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு ஐந்து பேருக்கான இடம்தான் வேண்டும். எதிர்க்கரை பாப் செஞ்சுரியில் பக்கத்துப் பக்கத்து அறையாக இரண்டு, ஒவ்வொன்றும் 215 என்று அந்தத் தேதிக்கு இப்போது காட்டுகிறது. ஆறு ராத்திரிக்கு வரியோடு 2902. அதே ஸ்கைலைனர், அதே பஸ், அதே அரை மணி, 600 டாலர் மிச்சம். அறை சின்னது, ஒரு கட்டில்தான் நிலையானது, இன்னொன்று பகலில் மேசை, ராத்திரி சுவரிலிருந்து இழுத்தால் கட்டில். மைக்ரோவேவ் அறையில் இல்லை, குடும்ப அறையில் உண்டு. உங்கள் அம்மாவின் சோறுதான் இடிக்கும்.

மவுண்டன்வியூ மாமி

நடுவில் புகுந்து ஒன்று கேட்கிறேன், ஓர்லாண்டோவிலேயே இருக்கும் யூனிவர்சலுக்கும் இதே கணக்குதானா? அவர்களுடைய புது பார்க் எபிக் யூனிவர்ஸ் திறந்ததிலிருந்து பிள்ளைகள் உயிரை எடுக்கிறார்கள்.

தாம்பாக்காரன்

இல்லை மாமி, அது வேறு. யூனிவர்சலில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்று மூன்று ஓட்டலில் தங்கினால் பழைய இரண்டு பார்க்குக்கும் வரிசையில் முந்திப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் அறை வாடகையிலேயே அடக்கம். அந்த பாஸைத் தனியாக ஆளுக்கு ஆள் வாங்குகிற விலையைப் பார்த்தால், ஒரு ராத்திரி தங்குவதே பல சமயம் மலிவு, வருகிற நாளும் போகிற நாளும் இரண்டுமே கணக்கில் வரும். ஆனால் எபிக் யூனிவர்ஸில் அது செல்லாது, பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனி இழை போடுங்கள், இங்கே முழங்கால் கதை ஓடுகிறது.

ஸ்கார்பரோ மச்சான்

எடிசன் அண்ணை, ஏன் ரெண்டையும் செய்யக்கூடாது? பாதி உள்ளுக்க, பாதி வெளியில.

ரெட்டைவால் அம்மா

மூட்டை முடிச்சைக் கட்டி அவிழ்ப்பது யார்? அவர்கள் வீட்டுப் பெண்தான். போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள்.

தாம்பாக்காரன்

அக்கா சொல்வது நியாயம், ஆனாலும் மச்சான் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எந்தப் பார்க்குக்கு எங்கிருந்து போவது என்று பிரித்தால் சரியாக வரும். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் மூன்றையும் பாப்பில் இருக்கும்போது முடித்துவிடுங்கள். அனிமல் கிங்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே வண்டியை நிறுத்தினால் நேரே வாசல், ஏரியும் இல்லை படகும் இல்லை, அதனால் வெளியிலிருந்து போனாலும் நட்டமில்லை. பாதிப் பேர் அங்கே மதியமே முடித்துக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் திரும்பிப் போகிற பிரச்சினையும் இல்லை.

இன்னொன்று, டிஸ்னி ஓட்டலைக் காலி செய்கிற நாளன்றும் அந்த அரை மணி முன்சலுகை உண்டு. மூன்று ராத்திரிக்குக் காசு, நான்கு நாளைக்குச் சலுகை. நான்கு நாள் டிக்கெட்டை ஏழு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதனால் நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கலாம்.

கணக்குப்புலி

போட்டுவிட்டேன். பாப் மூன்று ராத்திரி இரண்டு அறை வரியோடு 1451. வீடு மூன்று ராத்திரி, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 1002 (துப்புரவுக் கட்டணம் மூன்று ராத்திரிக்கும் அதே 225தான், வலிக்கும்). வேன் ஒரு வழி 125. மினிவேன் புதன் முதல் சனி வரை மட்டும், பெட்ரோலோடு 350. பார்க்கிங் ஒரே நாள் 30. மொத்தம் 2958. முழுக்க வெளியே தங்குவதைவிட 519 அதிகம், 520 டாலர் அறையில் ஆறு ராத்திரி இருப்பதைவிட 800 குறைவு. நான் கட்சி மாறுகிறேன், சாப்பாட்டுச் செலவை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி

மனைவியிடம் காட்டினேன். முழு இழையையும் படித்துவிட்டு "அந்த ரெட்டைவால் அம்மா யார், நல்லா இருக்கட்டும்" என்றாள். பெட்டிகளை நான் கட்டுவதாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட பிறகு பதிவு செய்துவிட்டோம். பாப் மூன்று ராத்திரி, அறையை மட்டும் பதிவு செய்தால் ஐந்து நாள் முன்னால் வரை ரத்து செய்யலாம் என்பதால் பயமில்லை. அப்புறம் வீடு மூன்று ராத்திரி. வியாழன் எங்கேயும் போகப் போவதில்லை.

போய்வந்து எழுதுகிறேன்.

எடிசன்வாசி

வந்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்கள் மேஜிக் கிங்டம். பஸ் வாசலிலேயே இறக்கியது. அப்பா நாற்காலியைத் தொடவில்லை, அதில் புளியோதரைப் பையை உட்காரவைத்து அவர் தள்ளிக்கொண்டு வந்தார். சுரங்க ரயில் அந்த அரை மணியில் முடிந்தது. பையன் 38 அங்குலம் இல்லை, அதனால் மனைவியும் பெண்ணும் போய்வந்த பிறகு நான் வரிசையில்லாமல் பெண்ணோடு போனேன், பெண்ணுக்கு இரண்டு சுற்று, அவள் கணக்கில் அதுதான் மொத்தப் பயணத்தின் உச்சம். பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பி அறைக்கு வந்தோம். எல்லாரும் தூங்கினோம், வெளியே இடித்தது கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்குத் திரும்பப் போனோம் அக்கா, போனோம். வாணவேடிக்கை பார்த்துவிட்டு வரும்போது பஸ் வரிசையும் ஒன்றும் சின்னதில்லை, ஆனால் உட்கார்ந்தால் நேரே ஓட்டல்.

செவ்வாய் காலை அப்பா கட்டிலை விட்டு எழ இரண்டு தடவை முயன்றார். பெண் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, என்னைத் தள்ளுங்க" என்றாள். கொஞ்ச தூரம் தள்ளினார். "இப்ப நீங்க உட்காருங்க, என் டர்ன்" என்றாள். உட்கார்ந்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை, சனிக்கிழமை வரை அவர் அதிலிருந்து எழவும் இல்லை.

அவருக்குப் பிடித்தது எந்த ரைடும் இல்லை, ஸ்கைலைனர்தான். செவ்வாய் மதியம் நாங்கள் தூங்கும்போது பையனை மடியில் வைத்துக்கொண்டு பாப்பிலிருந்து கரீபியன் பீச், அங்கிருந்து ஹாலிவுட், திரும்ப கரீபியன் பீச் என்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார், காசு கேட்கவில்லையாம், யாரும் தடுக்கவுமில்லையாம். மழை கட்டியதும் நிறுத்திவிட்டார்கள், இரண்டு பேரும் பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்தார்கள். மனைவி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

இரண்டு அறைக்கும் நடுவே கதவு இருந்தது, திறந்தே வைத்திருந்தோம். அம்மா மூன்று நாள் கொண்டுபோன பொடியும் எண்ணெயும் ரொட்டியுமாக ஓட்டினார்கள், ஒரு வேளை சனா. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததைவிட அங்கே எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்ததுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

புதன் சாயங்காலம் ஹாலிவுட் முடித்துப் பெட்டிகளை ஓட்டலில் வாங்கி (நான்தான் கட்டினேன், சாட்சி உண்டு) வீட்டுக்குப் போனோம். அம்மா செருப்பைக் கழற்றிய வேகத்தில் அடுப்படிக்குப் போனார்கள். முக்கால் மணியில் சோறு, மிளகு ரசம், அப்பளம். ஆறு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். புலி, செலவு உங்கள் கணக்கைவிட நூற்றிருபது டாலர் கூடியது, அதில் எண்பது மிக்கி காது வைத்த தொப்பிகள், அதை எந்தப் பத்தியில் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

அனிமல் கிங்டம் வெள்ளிக்கிழமை. தாம்பா அண்ணன் சொன்ன மாதிரியே வண்டியிலிருந்து வாசல் கிட்டத்தில்தான். ஒன்றரைக்கு வீடு. அன்றைக்கு மட்டும் திரும்பப் போகவில்லை, சோபா ஜெயித்தது.

ஸ்கார்பரோ மச்சான்

சந்தோசம் அண்ணை! வீட்டில ரைஸ் குக்கர் இருந்ததோ, கொண்டு போனீங்களோ?

எடிசன்வாசி

இருந்தது, மூடிதான் இல்லை. அப்பா ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தைல டப்பாவை வைத்தார். சோறு நன்றாகவே வெந்தது, லேசாகத் தைலம் மணத்தது, அவ்வளவுதான்.